கருநாக்கும் அறுபத்தொன்றாம் நம்பரும்

வள்ளிக்கண்ணுவுக்கு நாக்கில் ஒரு மச்சம் உண்டு. கருஞ்சீரகம் அளவுதான். அதுவும் நுனியில் இல்லை, இடது ஓரமாக உள்ளே தள்ளி. வாயைப் பெரிதாகத் திறந்தால்தான் தெரியும். காரைக்குடி கழனிவாசலில் அவள் தெருக்காரர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததே கிடையாது. ஆனாலும் பார்த்த மாதிரிதான் பேசுவார்கள்.

கருநாக்கு சொன்னால் பலிக்கும் என்பார்கள். அப்படியானால் நல்லது சொல்ல வைத்து நாலு பேர் பிழைத்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றியதில்லை. கெட்டது மட்டும்தான் பலிக்குமாம். நம் ஆட்களுக்கு நம்பிக்கையிலும் ஒரு கஞ்சத்தனம்.

பதினொரு வயது வரை அவள் வாயாடி. அப்பா கோட்டைச்சாமி கொத்தனார். அந்த வருஷம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் பூச்சு வேலை. பள்ளிக்கூட விடுமுறை, தூக்குவாளியில் சோறு கொண்டுபோன வள்ளி கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். மேல்தட்டுச் சாரத்தில் சவுக்குக் கம்பைக் கட்டியிருந்த கயிறு, முடிச்சில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது.

"அப்பா, அந்தக் கயிறு நழுவுது! இறங்கிருங்க, விழுந்துருவீக!"

கீழே பத்துப் பேர் நின்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மேலே நின்ற அப்பாவும் சிரித்தார். கால் மணி நேரத்தில் சாரம் சரிந்தது. அப்பாவுக்கு இடுப்பெலும்பு போனது. உயிர் தங்கியது, தொழில் தங்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை முத்துமாரி வள்ளியின் தாடையைப் பிடித்து, "ஆ காட்டுடி" என்றாள். மச்சத்தைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். அன்றோடு வாயாடி செத்தாள்.

பிறகு அம்மா ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தாள். மனசில் கெட்டது பட்டால் வாயைத் திறக்காதே. திறந்தே ஆகவேண்டுமென்றால் "நல்லா இருக்கும்" என்று சொல்லிவிடு. வள்ளி அப்படியே வளர்ந்தாள். பிரேக் பிடிக்காத மினிபஸ் நல்லா இருக்கும். பல் இளிக்கும் சுவர் நல்லா இருக்கும். நிச்சயம் முடிந்த குடிகார மாப்பிள்ளையும் நல்லா இருப்பான். அவளைப் பெண் பார்க்க வந்த முத்துவேலிடம் யாரோ கருநாக்கு விஷயத்தைக் காதில் போட்டபோது, மோட்டாருக்குக் காயில் கட்டும் அந்த மனிதன், "வாயத் தொறக்காத பொண்டாட்டி கெடைச்சா எந்த மடையன் வேணாம்பான்?" என்றானாம். நல்லவன்தான். ஆனால் அவனும் வெளியூர் கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்த்து, "ஏதும் சொல்லணுமா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான்.

அம்மா போன பிறகு அப்பா அவளோடு வந்துவிட்டார். வள்ளிக்கு முப்பத்தைந்து வயதில் ஒரு வேலை கிடைத்தது. வாயைத் திறக்கவே தேவையில்லாத வேலை என்பதால் பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

செக்காலை ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. பதினான்கு கம்ப்யூட்டர், இரண்டு ஏசி, அதில் ஒன்று சும்மா ஒப்புக்கு. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பேஸ்பால் டீம். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்ததால் எல்லோருக்கும் அது 'நம்ம டீம்'. மேல் டீம் ஒன்று. அதற்கு அடியில் நாற்றங்கால் மாதிரி நாலைந்து கீழ் டீம்கள். கீழ் டீமில் இருபது வயசுப் பையன்களைப் போட்டு வளர்ப்பார்கள். நூறு பேரில் நாலு பேர் மேலே போவார்கள். மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பந்து எறிகிறவனுக்குப் பெயர் பிட்ச்சர். அவன் ஒவ்வொரு பந்தையும் எறியும் அந்த நொடியில் வீடியோவை நிறுத்தி, தோளில் ஒரு புள்ளி, முழங்கையில் ஒரு புள்ளி, மணிக்கட்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அதுதான் வள்ளியின் வேலை. மூன்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டர் கோணம் சொல்லும். அந்தப் பையனுடைய வழக்கமான கோணத்தை விட முழங்கை தாழ்ந்தால் அந்த வரி சிவப்பாகும். சிவப்பு வரிகள் அங்கே டீம் டாக்டருக்குப் போகும். ஓரத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. முழங்கை இறங்க ஆரம்பித்தால் உள்ளே நார் நைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம் என்பதைப் பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அங்கே சாயங்காலம் ஏழு மணி ஆட்டம் இங்கே காலை ஏழரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, கழனிவாசல் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் நிற்கும் நேரத்தில் வள்ளி, யாரென்றே தெரியாத பையன்களின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாயில் நுழையாத பெயர்கள் என்பதால் பக்கத்து நாற்காலி சிந்துவும் அவளும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நெஞ்சில் சிலுவை போட்டு உடம்பைக் குலுக்குகிறவன் சாமியாடி. எந்நேரமும் விதையைக் கொறித்துத் துப்புகிற முப்பத்தைந்தாம் நம்பர் பொரிகடலை. பதினான்கு பேரில் வள்ளி அளவுக்குக் கண் கூர்மை யாருக்கும் இல்லை. மானேஜர் ஸ்ரீதரே அதைச் சொல்வான். அவளைவிட எட்டு வயது சின்னவன், வாய் நிறைய அக்கா போடுவான்.

போன வருஷம் சாமியாடியின் முழங்கை இறங்கியது. மூன்று வரி சிவப்பு. வள்ளி முதல்முறையாகத் தைரியம் கொண்டு குறிப்பும் எழுதினாள்: 'கை போகப் போகிறது.' ஒன்பதாம் நாள் சாமியாடியின் கை போனது. அவள் எழுதியதை அங்கே யாரும் படிக்கவில்லையா, படித்துவிட்டு இன்னும் ஒரு ஆட்டம் என்று இறக்கினார்களா, தெரியாது. ஸ்ரீதர் மட்டும் ஆபீஸ் நடுவில் நின்று கையைத் தட்டினான்.

"வள்ளிக்கா சொன்ன மாதிரியே ஆயிருச்சு, பாத்தீகளா!"

பாராட்டுத்தான். ஆனால் வள்ளிக்குக் கேட்டது 'சொன்ன மாதிரியே' என்பது மட்டும்தான். அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. எழுதினாலும் பலிக்கிறதே என்று, அதன் பிறகு குறிப்புக் கட்டத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் வந்தவன் அறுபத்தொன்றாம் நம்பர். எலியாசர் என்று பெயர். இருபது வயது, இடது கைக்காரன், ஆறரை அடி உயரம். ஒற்றைக் காலைத் தூக்கி ஒரு நொடி அப்படியே நிற்பான். சிந்து பார்த்த உடனே கொக்கு என்று பெயர் வைத்துவிட்டாள். ஆட்டத்துக்கு முன் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி இரண்டு முடிச்சாகப் போடுவான். வள்ளிக்கு அவனைப் பிடித்துப்போனது அந்த முடிச்சைப் பார்த்துத்தான். டீம்காரர்கள் போட்ட ஒரு பேட்டியில், ஏதோ தீவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு இந்த வருஷம் கூரை மாற்றவேண்டும் என்று சொன்னான். அந்தக் குடும்பத்துக்குக் காடு கரை எல்லாம் அந்த ஒரு கைதான் என்பது அவளுக்குப் புரிந்தது.

ஜூன் இரண்டாம் வாரம், ஐந்தாவது இன்னிங்ஸ். அவன் முழங்கையில் புள்ளி வைத்தாள். வரி சிவந்தது.

வள்ளி கதவு ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. கயிறு நழுவுகிறது. இவளுக்குத் தெரிகிறது. சொன்னால் விழுவான்.

புள்ளியை ஒரு நெல் அளவுக்கு மேலே நகர்த்தினாள். வரி பச்சையானது. "நல்லா இருக்கும்" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். அதை ஏமாற்று வேலை என்று அவள் நினைக்கவே இல்லை. பிள்ளைக்குத் திருஷ்டிப்பொட்டு வைக்கிறோமே, அது மாதிரித்தான் நினைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு நெல் போதவில்லை, இரண்டு நெல் வேண்டியிருந்தது. அவன் பந்தை எறிந்துவிட்டு விரல்களை உதற ஆரம்பித்தான். அப்புறம், கேமரா பார்க்காத நேரம் என்று நினைத்து, முழங்கையின் உள்பக்கத்தை வலது கட்டைவிரலால் தேய்த்தான். வள்ளி பார்த்துவிட்டாள். வள்ளி பார்க்காத ஒன்று அந்த உடம்பில் இல்லை. ஜூலையில் வேகம் குறைந்தது; குறைந்ததை ஈடுகட்ட இன்னும் முறுக்கி எறிந்தான். அவள் இன்னும் நகர்த்தினாள். ஒன்பது வாரத்தில் இருநூற்றுப் பதினேழு பந்துக்கு நகர்த்தியாயிற்று. ஒன்றில்கூட சிவப்பு இல்லை.

வீட்டில் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. காற்றாடி ஆடுகிற சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு வெள்ளிக்கிழமை கொப்புடையம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா?"

"எலியாசர்."

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். நட்சத்திரம் என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டு, "அம்மன் பேருக்கே பண்ணிடுறேன்" என்றார். தீபாராதனையின்போது வள்ளிக்கு அம்மன் முகம் தெரியவில்லை, அம்மனின் முழங்கைதான் தெரிந்தது. தூக்கிய கை, சரியான உயரத்தில் இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் நடுவில் ஸ்ரீதர் ஒரு பெட்டி மைசூர்பாகோடு மாடிப்படி ஏறினான்.

"நம்ம கொக்கு மேல் டீமுக்குப் போறான்! நாளைக்கழிச்சு ஆட்டம். மெயில்ல என்ன போட்டுருக்காக தெரியுமா? கை துளிகூட பிசகல, நம்ம நம்பரைப் பாத்துத்தான் தைரியமா ஏத்துறோம்னு போட்டுருக்காக. எல்லாம் வள்ளிக்கா கைங்கரியம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். வள்ளி தட்டவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் இருந்தது. ஒரு மெயில் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சிந்து ஒரு துண்டு மைசூர்பாகை அதில் வைத்து, "நல்ல வாயா ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்றாள். வாய் நிறைய இனிப்போடு வள்ளி, "நல்லா இருப்பான்" என்றாள்.

அந்தக் காலை ஆபீசே பெரிய டிவி முன்னால் கூடியது. ஒருவர் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். மேல் டீம் மைதானத்தில் நாற்பதாயிரம் பேர். அங்கே புள்ளி வைக்க ஆளே வேண்டாம், மைதானத்துக் கேமராக்கள் தாமே அளந்துகொள்ளும். ஆனால் அந்த அளவு ஆட்டம் முடிந்த பிறகுதான் டாக்டருக்குப் போகும்; அதுவரை அவர்கள் நம்பியிருந்தது வள்ளியின் பச்சை வரிகளைத்தான். எலியாசர் குனிந்து ஷூ கயிற்றை இரண்டு முடிச்சாகப் போட்டான். கூட்டத்தில் அவன் அம்மாவைக் காட்டினார்கள். நீலச் சட்டை போட்ட குண்டு அம்மா, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

முதல் இன்னிங்ஸ் சுத்தம். இரண்டாவதும் சுத்தம். ஆபீசில் விசில் பறந்தது. மூன்றாவதில் முழங்கை இறங்கியது. நெல் அளவில்லை, ஒரு விரற்கடை. வள்ளி எழுந்து நின்றாள். இறங்கிரு, இறங்கிரு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் திறக்கவில்லை. அவன் ஒற்றைக் காலைத் தூக்கி நின்றான், எறிந்தான். பந்து எங்கேயோ போய்ப் பின்சுவரில் மோதியது. அது எங்கே போனதென்று அவன் பார்க்கவில்லை. இடது கையை வலது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே வெளியே நடந்தான்.

"ஏன்க்கா, ஒருத்தர் கண்ணுக்குமா தெரியல?" என்றாள் சிந்து. அழுதுகொண்டிருந்தாள்.

வள்ளி பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா முன்னறையில் உட்கார்ந்து ஊன்றுகோலின் ரப்பர் முனையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மணி பத்துகூட ஆகவில்லை.

"என்ன ஆத்தா, வெள்ளனே வந்துட்ட?"

"இன்னொருத்தன் விழுந்துட்டான்ப்பா."

எல்லாவற்றையும் சொன்னாள். சாமியாடியை, நெல் நெல்லாக நகர்த்திய புள்ளிகளை, மைசூர்பாகை. "சொன்னாலும் விழுறாக, சொல்லாட்டியும் விழுறாக. நான் என்னதான்ப்பா செய்ய?" கோட்டைச்சாமி ரப்பர் முனையைக் கீழே வைத்தார். 

"அன்னைக்கு அந்த முடிச்சப் போட்டது நான்தான் ஆத்தா."

வள்ளி நிமிர்ந்தாள்.

"ராத்திரி மழையில கயிறு நனைஞ்சு கெடந்துச்சு. நனைஞ்ச கயிறுன்னா ரெண்டு சுத்துச் சுத்தணும். அவசரத்துல ஒத்தைச் சுத்தோட விட்டுட்டேன். நீ கீழருந்து சத்தம் போட்டதும் திரும்பிப் பாத்தேன். நழுவுறது எனக்கும் தெரிஞ்சுச்சு. பத்து ஆளு நிக்கிறாக, பொட்டப்புள்ள சொல்லி இறங்கினான்னு பேராயிருமேன்னு நின்டேன்."

"அத்தை என் வாயத் தொறந்து பாத்தாகளே... அப்பவும் தெரியுமா?"

"தெரியும். கட்டில்லதான் கெடந்தேன். சாரம் கட்டத் தெரியாத கொத்தன்னு ஊரு சொல்றதுக்கு, புள்ள நாக்குன்னு சொல்லட்டும்னு இருந்துட்டேன். நாலு நாள்ல மறந்துருவாகன்னு நெனைச்சேன்."

"இருபத்தேழு வருசம்ப்பா."

"ஆமா ஆத்தா."

வள்ளிக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, கண் மண் தெரியாத கோபம். அந்தக் கோபத்தோடேயே போய்த் தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அவர் முன்னால் வைத்தாள். தண்ணீர்ச் செம்பை வைக்கும்போது மட்டும் கொஞ்சம் ஓங்கி வைத்தாள். பிறகு திரும்ப ஆபீசுக்கு நடந்தாள்.

ஸ்ரீதர் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து மெயில் வந்துவிட்டது. ஒன்பது வாரமாக ஒரு சிவப்புகூட ஏன் இல்லை என்று கேட்டிருந்தார்கள்.

"கீழ் டீம் கேமரா கோணம் சரியில்லன்னு எழுதிட்டேன்க்கா. அவுகளும் நம்பிருவாக. நீங்க கவலப்படாதீக."

"அத அனுப்பாத தம்பி. கேமரா நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் நகத்தி வச்சேன்."

 வள்ளி தன் நாற்காலியில் உட்கார்ந்து அறுபத்தொன்றாம் நம்பர் கோப்பைத் திறந்தாள். ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு புள்ளியையும் அதன் உண்மையான இடத்தில் வைத்தாள். ஒரு வரி சிவந்தது. அடுத்தது சிவந்தது. மத்தியானம் மூன்று மணிக்குத் திரை முழுக்கச் சிவப்பு. சிந்து பின்னால் வந்து நின்று பார்த்தாள். குறிப்புக் கட்டத்தில் வள்ளி எழுதினாள்: 'எனக்குத் தெரியும். பயந்து மறைத்தேன். வள்ளிக்கண்ணு.'

எழுதி முடித்துவிட்டு அன்றைய கோப்பைத் திறந்தாள். காலையில் முடிந்த கீழ் டீம் ஆட்டத்தின் வீடியோ. பொரிகடலை எறிந்துகொண்டிருந்தான், கன்னம் உப்ப விதையோடு. ஏழாவது பந்தில் வள்ளியின் கை நின்றது. இம்மிதான். வேறு யார் கண்ணுக்கும் பிடிபடாது.

எழுந்து நின்றாள். ஆபீசே திரும்பிப் பார்த்தது.

"முப்பத்தஞ்சாம் நம்பருக்குக் கை போகப் போகுது" என்றாள், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "இப்பவே சொல்லுங்க. மெயில் பத்தாது, போன் போட்டுச் சொல்லுங்க. பந்தத் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க."

யாரோ ஒருத்தி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்ரீதர் போனை எடுத்தான்.

வள்ளிக்கு வேலை போய்விட்டது. போகாமல் எப்படி இருக்கும். இப்போது முத்துவேலின் கடையில் காயில் கட்டுகிறாள்; கண் கூர்மை அங்கேயும் உதவுகிறது. காலை ஏழரைக்கு மட்டும் போனைத் திறந்து நம்ம டீம் பட்டியலைப் பார்ப்பாள். பொரிகடலையை இருபத்திரண்டு நாள் உட்கார வைத்திருந்தார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் அவன் திரும்ப எறிந்த அன்று, கடைவாசலில் நின்று சின்னத் திரையில் பார்த்தாள். முழங்கை அதன் இடத்தில் இருந்தது.

"நல்லா இருக்கான்" என்றாள்.

உள்ளேயிருந்து முத்துவேல் பதறிக்கொண்டு வந்து, "யாருக்கு என்ன?" என்று கேட்டான். அவள் அந்த வார்த்தையைச் சொன்னால் எதையோ மறைக்கிறாள் என்றுதான் இத்தனை வருஷமும் அவனுக்கு அர்த்தம்.

"ஒண்ணுமில்ல. நெசமாவே நல்லாத்தான் இருக்கான்."

பிறகு பட்டியலைக் கீழே தள்ளினாள். காயம்பட்டவர்கள் பகுதியில் அறுபத்தொன்று. இடது முழங்கை, அறுவை சிகிச்சை, திரும்பும் தேதி குறிப்பிடப்படவில்லை. அந்தத் தீவில் இது மழைக்காலமா, அவன் அம்மா வீட்டுக்குக் கூரை மாற்றியாயிற்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை. கடைக்கு ஆள் வந்துவிட்டதால் போனை மூடி வைத்தாள்.